தை மாதத் திருமணமும் சீசன் ஓய்ந்த ஐரோப்பாவும்

மார்கழியில் தமிழர் திருமணங்கள் நடப்பதில்லை. வட இந்தியாவிலும் டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை முகூர்த்தம் குறிக்கும் வழக்கம் இல்லை. கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தைத் தவறவிட்ட குடும்பம் தை பிறக்கும்வரை காத்திருக்கிறது; தை பிறந்ததும் மண்டபம் கிடைப்பது அரிதாகிவிடுகிறது. தீபாவளிக்குப் பிந்தைய நவம்பரும், பொங்கலுக்குப் பிந்தைய ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் இந்தியாவின் பல பகுதிகளில் முதன்மையான திருமண மாதங்கள். ஐரோப்பியச் சுற்றுலாத் துறையின் நாட்காட்டியில் இதே மாதங்கள்தான் ஆள் வரத்துக் குறைந்த மாதங்கள். முகூர்த்தத்தைக் குறித்த சோதிடர், தம்மை அறியாமலேயே மணமக்களை ஐரோப்பாவின் சீசன் ஓய்ந்த காலத்துக்கு அனுப்பிவைக்கிறார்.

பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பணிபுரியும் இளையோருக்கு இந்தத் தற்செயலின் விளைவு இன்னும் கூர்மையானது. தை, மாசித் திருமணம் செமஸ்டரின் நடுவில் வருகிறது. வகுப்புகளை யாரேனும் ஏற்றுக்கொண்டால் ஏழெட்டு நாட்கள் விடுப்புக் கிடைக்கும்; அதற்கு மேல் கேட்பது கடினம். ஆகவே, "குறைந்த நாட்கள், சீசன் இல்லாத மாதம், ஐரோப்பா" என்ற சேர்க்கை யாரோ சிலருடைய விசித்திர ஆசை அன்று. முகூர்த்தமும் விடுப்பு விதிகளும் சேர்ந்து பல இணையர்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. அந்நிலையில் எழும் கேள்வி பெரும்பாலும், "எந்த நாடு மிக அழகானது?" என்பதாக இருக்கிறது. அந்தக் கேள்வி அடுத்தடுத்த தவறுகளுக்கு வழிவிடுகிறது. "அந்த மாதத்தில் எந்த ஊர் தன் இயல்பான வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும்?" என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு விடை கிடைத்தபின், அந்த ஒரே ஊரில் எல்லா நாட்களையும் கழிப்பதே சரியான முடிவு.

அழகு பற்றிய கேள்வி முதலில் எழுவதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியரின் ஐரோப்பா பெருமளவுக்குத் திரைப்படங்கள் கட்டியெழுப்பிய ஐரோப்பா. 1961இல் ஸ்ரீதர் இயக்கிய 'தேன் நிலவு' படத்தின் மணமக்கள் காஷ்மீருக்குச் சென்றனர். மறுமணம் செய்துகொண்ட தந்தை தம் தேனிலவுக்கு மகளையும் உடன் அழைத்துச் செல்வதாக அமைந்த நகைச்சுவைக் கதை அது. 1964இல் ராஜ் கபூரின் 'சங்கம்' வெனிஸ், பாரிஸ், சுவிட்சர்லாந்து ஆகியவற்றைத் தேனிலவுக் காட்சிகளாக இந்தியத் திரைக்குக் கொண்டுவந்தது. அதே ஸ்ரீதர் 1969இல் 'சிவந்த மண்' படத்துக்காக ஐரோப்பாவுக்குப் படப்பிடிப்புக் குழுவுடன் சென்றார். 1981இல் 'சில்சிலா' நெதர்லாந்தின் கோய்கன்ஹோஃப் துலிப் தோட்டத்தை ஒரு பாடலின் வழியே ஒரு தலைமுறையின் கனவாக்கியது. 1995இன் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'க்குப் பிறகு சுவிட்சர்லாந்து இந்தியத் தேனிலவின் மறுபெயராகவே ஆனது. சுவிஸ் மலையடிவார நகரான இன்டர்லாகனில் 2016இல் யஷ் சோப்ராவுக்குச் சிலை வைக்கப்பட்டது, அந்த ஊர் தன் வாடிக்கையாளர்களின் ஊற்றுக்கண்ணை நன்கறிந்திருந்தது என்பதற்குச் சான்று.

இந்தப் படிமங்களுள் பெரும்பாலானவை வசந்தத்துக்கும் கோடைக்கும் உரியவை. கோய்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் பிற்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை, ஏறக்குறைய எட்டு வாரங்கள் மட்டுமே திறந்திருக்கும். பிப்ரவரியில் அங்கே செல்லும் இணையருக்குப் பூட்டிய வாயிலும் ஈர மண்ணும்தான் காணக் கிடைக்கும். பசும்புல் சரிவும் மாட்டு மணியோசையும் நிறைந்த சுவிட்சர்லாந்து கோடைக்காலத்துச் சுவிட்சர்லாந்து. நவம்பரில் அந்நாட்டின் தாழ்நிலப் பகுதிகளின்மீது நாட்கணக்கில் தாழ்மேகம் கவிந்திருக்கும். மலை ரயில்களும் கம்பிவட ஊர்திகளும் பல, கோடைக்கும் பனிச்சறுக்குப் பருவத்துக்கும் இடைப்பட்ட அந்த வாரங்களில் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். திரையில் கண்ட இடத்துக்கே சென்றும் திரையில் கண்டதைக் காணாமல் திரும்புவோர் ஊரைக் குறைகூறுவர். பிழை ஊருடையது அன்று. மாதத்தைக் கேளாமல் ஊரைத் தேர்ந்ததில் உள்ளது.

'சீசன் இல்லாத காலம்' என்பதும் ஒரே சீரான காலம் அன்று. நவம்பர் ஒரு வகை. கிறிஸ்துமஸ் வாரங்கள் முற்றிலும் வேறு வகை. டிசம்பர் கடைசி இரு வாரங்களில் விமானக் கட்டணமும் அறை வாடகையும் கோடைக்கு நிகராக ஏறும். ஸ்பெயினில் விழாக்காலம் ஜனவரி 6ஆம் நாள் மூவரசர் திருநாள் வரை நீளும். அதன்பின் தொடங்கும் ஐந்தாறு வாரங்கள்தான் உண்மையாகவே ஓய்ந்த காலம். பிப்ரவரியில் வெனிஸ் போன்ற ஊர்களில் கார்னிவல் திருவிழா தொடங்கியதும் அங்கே மீண்டும் கூட்டம் கூடும். தை முகூர்த்தம் முடிந்து புறப்படும் இந்திய இணையருக்கு, ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையான இந்த இடைவெளி மிகவும் பொருந்திவருகிறது.

விலையைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். பகல் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பகலின் நீளம் ஒரு பொருட்டாகவே தோன்றுவதில்லை. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. அதே டிசம்பர் நாளில் ஸ்டாக்ஹோமில் பகல் சுமார் 6 மணி நேரம். பாரிஸிலும் வியன்னாவிலும் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ரோமில் சுமார் 9. தென் ஸ்பெயினின் செவில்லில் சுமார் ஒன்பதரை. பிப்ரவரி நடுப்பகுதியில் இந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்குகிறது. அப்போது வியன்னாவில் பத்து மணி நேரத்துக்கும் கூடுதலாகவும் செவில்லில் பதினொரு மணிக்குச் சற்றுக் குறைவாகவும் பகல் இருக்கும். நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ செல்வோருக்குத் தென் ஐரோப்பாவே தகும். பிப்ரவரியில் செல்வோருக்கு நடு ஐரோப்பாவும் திறந்திருக்கிறது. ஏழு நாள் பயணத்தில் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேர வெளிச்சம் கூடினால், மொத்தத்தில் ஒரு முழுப் பகலே கூடுதலாகக் கிடைக்கிறது.

அடுத்ததாக எண்ணவேண்டியது, ஊரின் வாழ்க்கை சுற்றுலாவை மட்டுமே நம்பியிருக்கிறதா என்பது. சான்டோரினி போன்ற கிரேக்கத் தீவுகளில் நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் மூடிக்கிடக்கும். வெள்ளைச் சுவரும் நீலக் கூரையும் அங்கேயே இருக்கும். ஒரு கோப்பைத் தேநீர் தருவதற்குத்தான் ஆள் இராது. வெனிஸின் சிக்கல் வேறு விதமானது. அதன் பழைய நகரப் பகுதியில் நிலையாக வசிப்போரின் எண்ணிக்கை 2022இல் 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. 2024இல் அந்நகரம் கூட்டம் மிகுந்த நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் பார்சலோனாவில் ஆயிரக்கணக்கானோர் மிகைச் சுற்றுலாவை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். சிலர் உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள்மீது நீர்த்துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சிய காட்சி உலகெங்கும் பரவியது. குளிர்காலத்தில் வரும் விருந்தாளி ஊரின் பொறுமையைச் சோதிப்பதில்லை. கோடையில் பத்தாயிரத்தில் ஒருவராக இருக்கும் பயணி, பிப்ரவரியில் கடைக்காரர் முகம்பார்த்துப் பேசும் ஒருவராக இருக்க முடிகிறது.

கல்விப்புலத்தைச் சேர்ந்த இணையருக்கு ஊரைத் தேர எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பழைய, பெரிய பல்கலைக்கழகம் உள்ள ஊர் குளிர்காலத்தில் உறங்குவதில்லை. பிப்ரவரியிலும் அங்கே மாணவர்கள் இருப்பர். அவர்களுக்காக மலிவான உணவகங்களும் புத்தகக் கடைகளும் இரவு நெடுநேரம் வரை ஓடும் பேருந்துகளும் இருக்கும். 1088ஐத் தன் பல்கலைக்கழகத்தின் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் இத்தாலியின் போலோன்யாவில், நகர மையத்தில் மட்டும் 40 கிலோமீட்டருக்கு நெருங்கிய நீளத்துக்குத் தூண்தாழ்வாரங்கள் உள்ளன. யுனெஸ்கோ 2021இல் அவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. குளிர்கால மழையில் குடை விரிக்காமலேயே ஊரைச் சுற்றிவரலாம் என்பது அவற்றின் நடைமுறைப் பயன். 1290இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தைக் கொண்ட போர்ச்சுகலின் கொயிம்ப்ராவும் ஸ்பெயினின் சலமான்காவும் கிரனாடாவும் இந்த வரிசையில் வருபவை. இவற்றில் எதைத் தேர்ந்தாலும் பெரிய பிழை நேராது. இருப்பினும் குளிரைத் தவிர்க்க விரும்புவோருக்கு ஒன்று, குளிரையே நாடுவோருக்கு ஒன்று எனத் தேர்வை இரண்டாகச் சுருக்கினால் எஞ்சுபவை செவில்லும் வியன்னாவும்.

செவில்லின் கோடை 40 டிகிரியைத் தாண்டும். வசந்தத்தில் புனித வாரமும் ஏப்ரல் திருவிழாவும் விடுதி வாடகையைப் பன்மடங்காக்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பகல் வெப்பம் 16, 17 டிகிரியை ஒட்டி இருக்கும். சென்னைவாசிக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். தெருவோர ஆரஞ்சு மரங்கள் கனி சுமந்து நிற்பதும் அந்த மாதங்களில்தான். அந்தக் கனி கசப்பானது, பறித்து உண்ணத் தகாது. காண்பதற்கு மட்டுமே இனிது. கிறித்தவ அரசனான பெத்ரோவுக்காக இசுலாமியக் கலை மரபில் தேர்ந்த கைவினைஞர்கள் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய அல்காசர் அரண்மனை அங்கே உள்ளது. அதன் எதிரே பெருங்கோவிலில் கொலம்பஸின் கல்லறை இருக்கிறது. இரண்டுக்கும் அருகில் 1785இல் நிறுவப்பட்ட 'இந்தியாக்களின் ஆவணக்காப்பகம்' இருக்கிறது. பெயரைக் கண்டு மகிழும் இந்தியர், உள்ளே உள்ளவை அமெரிக்கக் கண்டங்களையும் பிலிப்பைன்ஸையும் பற்றிய பேரரசு ஆவணங்கள் என்பதை அறியும்போது, கொலம்பஸின் கணக்குப் பிழை ஒரு கட்டடத்தின் பெயரில் இன்றும் வாழ்வதைக் காண்கிறார். 'கார்மென்' ஓபராவின் கதைக்களமான பழைய அரசுப் புகையிலைத் தொழிற்சாலை இன்று செவில் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்த்துச் சமைக்கும் உணவு அந்த ஊரின் எளிய சிறப்பு என்பதால், புலால் உண்ணாதவரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. விரைவு ரயிலில் முக்கால் மணி நேரத்தில் கோர்தோபா சென்று, அங்குள்ள பெரும் பள்ளிவாசலின் தூண் வரிசைகளைக் கண்டு, அன்று மாலையே திரும்பிவிடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: அந்த ஊரின் வீடுகள் வெயிலைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டவை. ஓடு பதித்த தரை இரவில் சில்லிடும். அறையில் வெப்பமூட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்ட பிறகே முன்பணம் செலுத்த வேண்டும்.

வியன்னாவில் நிலைமை நேர்மாறானது. வெளியே 0 டிகிரியை ஒட்டிய குளிரும் மேகமூட்டமும். உள்ளே வெதுவெதுப்பான அறைகள். அந்நகரின் சிறப்புகள் பெரும்பாலும் கூரைக்குக் கீழே இருப்பவை. அரசு ஓபரா அரங்கின் பருவம் செப்டம்பரிலிருந்து ஜூன் வரை. கோடையில் செல்வோருக்குப் பூட்டிய அரங்கின் முகப்புதான் கிட்டும். நின்றபடி காணும் இடங்கள் மிகக் குறைந்த விலையில் விற்கப்படுவதால், மாணவர் வருவாயிலும் உலகின் தேர்ந்த இசையைக் கேட்க முடியும். ஜனவரியும் பிப்ரவரியும் அங்கே நடன விருந்துகளின் பருவம். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகல் 1565இல் தீட்டிய, பனியில் வேட்டையாடித் திரும்புவோரின் ஓவியம் உள்ளது. உறைபனியைத் தோலில் உணர்ந்த பிறகு அதன் முன்னே நிற்பது, அச்சுப் படத்தில் அதைக் காண்பதைப் போன்றதன்று. ஒரு கோப்பைக் காப்பிக்கு இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தாலும் எவரும் எழுப்பாத காப்பிக் கடை மரபு, பேச நேரம் தேவைப்படும் இருவருக்கு அந்த ஊர் தரும் பெரிய கொடை.

ஏழு நாட்களில் ஐந்து நாடுகள் என விளம்பரப்படுத்தப்படும் கூட்டுச் சுற்றுலா இதையெல்லாம் இல்லாமலாக்கிவிடுகிறது. கணக்கு எளியது. விடுப்பு எட்டு நாட்கள் எனில், போகவும் வரவும் இரண்டு நாட்கள் கழிந்துவிடும். நாலரை மணி நேரக் கால வேறுபாட்டுக்கும் திருமணக் களைப்புக்கும் ஒரு நாள் போகும். எஞ்சும் ஐந்து நாட்களில் ஒவ்வோர் ஊர் மாற்றமும் பெட்டி கட்டுதல், அறை ஒப்படைத்தல், பயணம், புதிய அறைக்காகக் காத்திருத்தல் என அரை நாளை விழுங்கும். நான்கு முறை ஊர் மாறினால் இரண்டு நாட்கள் போய்விடும். மூன்று நாள் வெளிச்சத்துக்குள் ஐந்து நாடுகளைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பார்த்தது நெடுஞ்சாலையையும் நாற்பது சகபயணிகளையும்தான்.

இழப்பு நாட்களோடு நிற்பதில்லை. இந்தியத் திருமணங்களில் பெரும்பங்கு இன்றும் பெரியோர் பார்த்து நடத்துபவை. காதலித்து மணந்தவர்களும் ஒரே கூரையின்கீழ் பெரும்பாலும் வாழ்ந்ததில்லை. நிச்சயதார்த்தம் முதல் வரவேற்பு வரை மணமக்களைச் சுற்றி எப்போதும் நூறு பேர் நிற்கின்றனர். பின்னர் மறுவீடு, அதன்பின் விருந்து வரிசை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் வசதி படைத்த குடும்பங்களில் மணமக்கள் மேற்கொண்ட பயணமும், திருமணத்துக்கு வர இயலாத உறவினர்களை நாடிச் செல்வதாகவே இருந்தது. உறவினரும் தோழியரும் உடன் செல்வதும் உண்டு. உறவு வட்டத்திலிருந்து விலகி இருவர் மட்டும் இருக்கும் பயணமாகத் தேனிலவு மாறியது அதன் பின்னர்தான். அந்த மாற்றத்தின் முழுப்பயனும் இருவருக்கும் கிடைக்கும் தனிமையில் இருக்கிறது. ஒருவர் காலையில் பேச விரும்பாதவர், மற்றவர் எழுந்தவுடன் பேசுபவர் என்பதைக் கண்டுகொள்ளவும், வழி தவறினால் யார் பதறுவார், யார் சிரிப்பார் என்பதை அறியவும் திட்டமில்லாத மணிநேரங்கள் வேண்டும். காலை ஆறரைக்கு அறைக்கதவைத் தட்டும் வழிகாட்டி அந்த மணிநேரங்களை எடுத்துக்கொண்டுவிடுகிறார். ஐரோப்பாவுக்குச் சென்றும் மண்டபத்திலிருந்து வெளியேறாத நிலை அது.

தேர்வைத் தீர்மானிப்பதில் விசாவுக்கும் பணத்துக்கும் உள்ள பங்கு வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். 30,000 யூரோ வரையான மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம். அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்கவிருக்கின்றனரோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஊரில் தங்குவோரின் விண்ணப்பம் இந்த விதிக்கு எளிதில் பொருந்தும். ஐந்து நாடுகளைச் சுற்றுவோர் எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதிலேயே தடுமாறுவர். திருமணம் முடிந்த கையோடு புறப்படுவோர், திருமணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், பதிவுச் சான்றிதழுக்குப் பதிலாக அழைப்பிதழை இணைப்பதுண்டு. உற்றார் உறவினருக்காக மஞ்சள் தடவிய அட்டை, தூதரக மேசையில் சாட்சியப் பத்திரமாகிவிடுகிறது. அந்த விண்ணப்பத்தில் பழைய பெயரில் உள்ள கடவுச்சீட்டையே பெண் பயன்படுத்துவதில் தவறேதும் இல்லை; பயணச்சீட்டிலும் அதே பெயர் இருந்தால் போதும்.

மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு, இருவரின் விசாக் கட்டணம் மட்டுமே அந்த மாத வருவாயின் பாதியை நெருங்கும். வங்கிக் கணக்கின் இருப்பைக் காட்ட வேண்டிய இடத்தில் பலர் தந்தையின் பொறுப்புக் கடிதத்தை இணைக்கின்றனர். பணம் தருபவர் ஊரையும் தேர்வு செய்கிறார். "இவ்வளவு செலவழித்து ஒரே ஊரா?" என்ற கேள்வி பெரும்பாலும் மணமக்களுடையது அன்று; அது அவர்களுக்காகப் பணம் தரும் தலைமுறையின் கேள்வி. அத்தலைமுறை வெளிநாடு செல்வதை வாழ்நாளில் ஒருமுறை நிகழும் நிகழ்வாகக் கண்டது. ஆகவே, எத்தனை நாடுகள் என்பதே அதற்கு வரவுக் கணக்கு. மணவாழ்வில் இருவரும் கூடி எடுக்கும் முதல் பெரிய முடிவு அநேகமாக இதுதான். அதைப் பிறர் பணத்தில், பிறர் கணக்கில் எடுப்பதைவிட, தாங்களே செலவழிக்க இயலும் தொகைக்குள் ஒரு சிறிய ஊரை, சீசன் இல்லாத மாதத்தில் தேர்வது இருவரின் மதிப்புக்கும் உகந்தது. சீசன் ஓய்ந்த காலத்தின் குறைந்த வாடகை அதற்கு வழிசெய்கிறது.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வரக்கூடும். முதலாவது, வாழ்நாளில் மறுபடி போக வாய்ப்புக் கிட்டுமா என்பது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியருக்கான விதியைத் தளர்த்தியது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர், இரண்டு ஆண்டுகள் செல்லத்தக்க, பலமுறை நுழையும் விசாவைப் பெற முடியும். கல்விப்புலத்தினருக்குக் கருத்தரங்குகளும் குறுகியகால ஆய்வு நல்கைகளும் உண்டு. எனவே, இதுவே கடைசிப் பயணம் என்ற பதற்றத்துக்குப் பலருக்கு அடிப்படை இல்லை. வாய்ப்பு மறுபடி வராது என்பவருக்கும் ஒன்றைச் சொல்ல இயலும்: ஒருமுறைதான் கிட்டும் என்றால், அந்த ஒருமுறையைப் பேருந்துச் சன்னலுக்குப் பின்னே கழிப்பது ஏற்கத்தக்கதா?

இரண்டாவது வாதம், சீசன் இல்லாத காலம் சோர்வூட்டும் என்பது. இதில் உண்மை உண்டு. ஒரு வாரம் முழுவதும் மழை பெய்யக்கூடும். தோட்டங்கள் வெறுமையாக இருக்கும். மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும் ஊரில், இரவு நேரத்தை என்ன செய்வதென அறியாதவருக்கு அது நீளமான வாரம். இந்த வாதம் ஊரைக் கவனமாகத் தேர வேண்டும் என்பதற்கான காரணமே ஒழிய, பயணத்தைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது. மழையில் செய்ய ஏதுமில்லாத ஊரைத் தவிர்த்துவிட்டால் பாதிச் சோர்வு நீங்கிவிடும்.

மூன்றாவது வாதம் வலிமையானது: ஐரோப்பா எதற்கு? கொடைக்கானலும் கூர்க்கும் சிக்கிமும் இருக்கையில், விமானப் புகையையும் தூதரக வரிசையையும் ஏன் சுமக்க வேண்டும்? மதிக்கத்தக்க கேள்வி இது. ஐரோப்பாவே உயர்ந்தது என்ற எண்ணத்திலிருந்து எழும் பயணத்துக்கு இக்கேள்வி சரியான மறுப்பு. என்றாலும், தெரிந்தவர் எவரும் எதிர்ப்படாத தெருவில், யாருடைய மகன், யாருடைய மருமகள் என்ற கேள்வி எழாத ஊரில், இருவர் கைகோத்து நடப்பதற்கு இந்தியாவில் இடம் குறைவு என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். விடுதி வரவேற்பறையில் திருமணச் சான்று கேட்கப்படும் அனுபவத்தை அறிந்தவர்கள், அந்தச் சாதாரணச் சுதந்திரத்தின் விலையை அறிவர். அதற்காகவே ஐரோப்பா செல்வோருக்கு, கூட்டம் இல்லாத மாதமும் மாணவர்கள் உலவும் ஊரும் பனிமலை உச்சியைவிடப் பயன் தரும்.

தை முகூர்த்தத்துக்கு மண்டபம் பதிவு செய்யும் குடும்பங்களில் இந்தக் கணக்குகளை மணமக்கள் இருவரும் ஒரு மாலைப்பொழுதில் போட்டுவிடலாம். எந்த மாதம், எத்தனை பகல்கள், யாருடைய பணம், அந்த மாதத்தில் எந்த ஊர் விழித்திருக்கிறது என்ற நான்கு கேள்விகள் போதும். செவில் ஆயினும் வியன்னா ஆயினும் போலோன்யா ஆயினும், மூன்றாம் நாள் காலையில் அதே காப்பிக் கடைக்குச் செல்லும் இருவரைக் கடைக்காரர் அடையாளம் கண்டு, கேளாமலேயே இரண்டு கோப்பைகளை எடுத்து வைப்பார். ஐந்து நாட்டுச் சுற்றுலாவில் மூன்றாம் நாள் காலை என்பது மூன்றாவது ஊரில் பெட்டி கட்டும் நேரம்.